சக்கரத்துள் ஓர் உடம்படுமெய்

வினைத்திட்பம் கூற வந்த வள்ளுவர், உருண்டோடும் பெருந்தேரைக் காட்டி, அதன் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் அச்சாணியை நம் நினைவுக்குக் கொண்டுவந்தார். உருவிற் சிறியதென்று எதனையும் எள்ளலாகாது என்பது அவர் கருத்து. அச்சாணிக்குக் கிடைத்த பெருமை தகுதியானதே. ஆயினும் அச்சாணி புறத்தே நிற்பது. கழன்றால் கண்ணுக்குத் தெரிவது. பாகன் சற்றுக் குனிந்து பார்த்தால் அது உண்டா, இல்லையா என்பதை அறிந்துகொள்வான். அதனைப் போலவே சிறியதாய், அதனினும் மறைவாய், சக்கரத்தின் குடத்துக்குள் ஒளிந்து நின்று உயிர்காக்கும் உறுப்பொன்று இக்காலத்து மோட்டார்ச் சைக்கிளில் உண்டு. அதனைக் குறித்தே இங்கு எழுத விரும்புகின்றேன்.

மோட்டார்ச் சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், நடுக்குடத்தின் இரு பக்கமும் இரண்டு பெயரிங்குகள் பதிந்திருக்கக் காண்போம். அவ்விரண்டுக்கும் நடுவே, அச்சினைச் சூழ்ந்தபடி ஓர் இரும்புக் குழாய் கிடக்கும். கராஜ்களில் அதனை 'ஸ்பேசர்' என்பர். சிலர் 'புஷ்' என்றும் 'கொலர்' என்றும் வழங்குவர். ஒரு சாண் நீளமும் இராது. அதற்குப் பல்லில்லை, திருகில்லை, குண்டில்லை. சக்கரம் சுழலும்போதும் அது சுழல்வதில்லை. குடத்துக்குள் யாரோ மறந்து விட்டுப்போன துண்டுக் குழாய் என்றே பார்த்தவர் எண்ணுவர். அவ்வாறு எண்ணியதன் பயனை ஓர் இளைஞன் தன் உடம்பால் அனுபவித்ததை நான் கண்டேன். அதனாலேயே, இலக்கணம் கற்பிக்கும் ஒருவனுக்குக் கராஜில் என்ன வேலை என்று வாசகர் கேட்பினும், இதனை எழுதத் துணிந்தேன்.

தெமட்டகொடையைச் சக்கரங்களின் ஊர் என்று சொன்னால் மிகையாகாது. மருதானைக்கும் களனிக்கும் இடையே செல்லும் புகையிரதப் பாதை இதனை ஊடறுத்துச் செல்கிறது. பாதையின் அருகே புகையிரத இயந்திரங்கள் வந்து தங்கிப் பழுது பார்த்துச் செல்லும் பெருங்கொட்டகை உண்டு. பகலும் இரவும் ஓயாத பேஸ்லைன் வீதி இவ்வழியே போகின்றது. சற்று நடந்தால், மோட்டார் உதிரிப்பாகக் கடைகள் வரிசை வரிசையாய் நிற்கும் பஞ்சிகாவத்தை. இவற்றுக்கிடையே உள்ள ஒழுங்கைகளில், தகரக் கூரையின்கீழ், தமிழும் சிங்களமும் சம்மட்டி ஓசையும் ஒன்றாய்க் கலந்து ஒலிக்கும் சிறு கராஜ்கள் பல உள்ளன.

இலங்கையிற் பதிவு பெற்ற ஊர்திகளுள் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார்ச் சைக்கிள்களே. 2020 மார்ச்சில் ஊர்தி இறக்குமதி நிறுத்தப்பட்டது; 2025 தொடக்கத்திலேயே தனியார் ஊர்திகளுக்கு அத்தடை தளர்ந்தது. இடையில், 2022ஆம் ஆண்டில், ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த மதிப்புச் சில வாரங்களுக்குள் 360 ரூபாயை எட்டிற்று. புதிய வண்டி வாங்க வழியில்லை; பழைய வண்டிக்கு உதிரிப்பாகம் வாங்கப் பணமில்லை. அந்நாட்களில் நம்மவர் பழையதைக் கொண்டே பிழைத்தனர். ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருத்தி ஓட்டும் கைத்திறம் வளர்ந்தது. அக்கைத்திறத்தை நான் குறைகூறேன். ஆனால் எதற்கு எதனை மாற்றாக வைக்கலாம், எதற்கு வைக்கலாகாது என்னும் அறிவு அதனோடு ஒத்து வளர்ந்ததா என்பதே வினா.

என்னிடம் நன்னூல் கேட்ட மாணவன் ஒருவன், உணவுப் பொதிகளை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் தொழில் செய்கின்றான். தாயும் இரு தங்கையரும் அவன் உழைப்பை நம்பி வாழ்கின்றனர். எட்டு மாதத்தில் மூன்று முறை அவன் தன் வண்டியின் முன்சக்கரப் பெயரிங்கை மாற்றினான். வேறொரு பகுதியிலுள்ள கராஜ் ஒன்றில் மாற்றிய ஒவ்வொரு முறையும், இரண்டு மாதம் கழியுமுன் சக்கரம் உறுமத் தொடங்கிற்று. மூன்றாம் முறை மாற்றியதும் அவ்வாறே ஆயிற்று. மழை பெய்த ஓரிரவு, பேஸ்லைன் வீதியிற் பேருந்தொன்றின் பக்கத்தே செல்கையில், சக்கரம் திடீரென ஆட, கைபிடி அவன் சொற்கேளாது திரும்பிவிட்டது. விழுந்தான். பேருந்துச் சாரதி தக்க தருணத்திற் பிறேக்கை மிதித்தமையால், முழங்கைக் காயத்தோடு எழுந்தான்.

மறுநாள் என் வீட்டுக்கு வந்தபோது, "என் ராசி அப்படி, சேர்" என்றான். ராசியின்மேற் பழி போட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஒழுங்கையின் முகப்பிலுள்ள கராஜுக்கு வண்டியை உருட்டிச் சென்றோம். அதன் உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். ஊரார் அனைவருக்கும் 'நானா'. நானும் அவரை அவ்வாறே அழைப்பேன்.

"நானா, பெயரிங் போலிச் சரக்கோ?" என்று கேட்டேன்.

அவர் சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுழற்றிக் காது கொடுத்தார். "பெயரிங்கைக் குத்தம் சொல்லாதீங்க சேர். மூணு தரம் செத்தவன் யாரெண்டு கேக்கிறதை விட, கொன்னவன் யாரெண்டு பாக்கணும்" என்றார்.

கொன்றவன் விரைவில் அகப்பட்டான். அச்சை உருவிச் சக்கரத்தைக் கழற்றி, ஒரு பக்கத்துப் பெயரிங்கைத் தட்டி எடுத்ததும், நடுவிலிருந்து ஒரு குழாய் விழுந்தது. வண்டியோடு பிறந்த குழாய் அன்று அது. நீர்க்குழாயில் வெட்டிய ஒரு துண்டு. ஒரு முனை அரத்தால் தேய்த்துச் சாய்ந்திருந்தது. நானா அதே வகை வண்டியின் பழுதற்ற சக்கரம் ஒன்றிலிருந்து உண்மையான குழாயை எடுத்து, வேர்ணியர் இடுக்கியில் இரண்டையும் அளந்து காட்டினார். வேறுபாடு 2 மில்லிமீற்றர். தச்சர் கணக்கில் ஒரு நூலுக்கும் குறைவு. அந்த ஒரு நூலிலேதான் மூன்று சோடிப் பெயரிங்குகளும் ஓர் இளைஞனின் உயிரும் தொங்கிக்கொண்டிருந்தன.

இச்சிறு குறைவு எவ்வாறு இத்தனை தீங்கு விளைத்தது? இதனை விளங்கிக்கொள்ளச் சக்கரத்தின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

நம் முன்னோர் மாட்டு வண்டியில், அச்சு அசையாது நின்றது. சக்கரத்தின் குடம் அதனைச் சுற்றிச் சுழன்றது. மரமும் மரமும், பின்னர் இரும்பும் இரும்பும் உராய்ந்தன. எண்ணெயும் மசியும் இட்டு அவ்வுராய்வைத் தணித்தனர். என்றாலும் அச்சு தேயும், முறியும். ஆதலால் உப்பு விற்கும் உமணர், நெடுவழி செல்லுங்கால், வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சினைக் கட்டிச் சென்றனர். அதனைச் சேமவச்சு என்பர். புறநானூற்று 102ஆம் பாட்டில், பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார் அவனுக்கு உவமையாக எடுத்தாண்டது அந்தச் சேமவச்சையே. உதிரிப்பாகம் கைவசம் வைத்துப் பயணம் செய்யும் முன்மதி நமக்குப் புதிதன்று.

உராய்வை உருளலாக மாற்றும் வழி பரவலாகக் கைகூடியது 19ஆம் நூற்றாண்டில். 1869இல், பாரிஸ் நகரத்து ஜூல் சூரிரே என்பார் சைக்கிளின் சக்கரக் குடத்தினுள் எஃகுக் குண்டுகளை வைத்துப் புத்தாக்க உரிமை பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் பாரிசிலிருந்து ரூவான் நகர்வரை நடந்த பந்தயத்தில், அத்தகைய சக்கரம் பூட்டிய சைக்கிளில் ஜேம்ஸ் மூர் வென்றார். குண்டுகள் எல்லாம் ஓரளவாய், ஓருருவாய் இருந்தாலன்றி இவ்வமைப்பு நிலையாது. 1883இல் ஜேர்மனியின் ஷ்வைன்பூர்ட் நகரிற் பிரீட்ரிக் பிஷர், குண்டுகளை ஒரே அளவாகத் தீட்டியெடுக்கும் பொறியை அமைத்தபின், பெயரிங் செய்தல் பெருந்தொழிலாயிற்று.

பெயரிங்கின் அமைப்பு எளிது. ஒன்றனுள் ஒன்றாய் இரு வளையங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் எஃகுக் குண்டுகள். குண்டுகள் ஒன்றோடொன்று முட்டாதிருக்க ஒரு கூடு. தூசும் நீரும் புகாதிருக்க இருபுறமும் மூடி. மோட்டார்ச் சைக்கிளின் சக்கரத்தில் வெளிவளையம் குடத்தோடு இறுகப் பதிந்து, அதனோடு சேர்ந்து சுழலும். உள்வளையம் அச்சோடு சேர்ந்து அசையாது நிற்கும். பக்கத்துப் புகையிரதக் கொட்டகைக்குச் சென்று பார்ப்பவர் இதற்கு மாறானதைக் காண்பர். அங்கே சக்கரம் அச்சோடு இறுகப் பொருத்தப்பட்டு இரண்டும் ஒருசேரச் சுழலும். தாங்கும் உறுப்பு அச்சின் முனையிலுள்ள பெட்டியில் இருக்கும். மோட்டார்ச் சைக்கிள் நம் மாட்டு வண்டியின் மரபையே பின்பற்றுகின்றது.

இனி, அச்சினை மாட்டி நட்டை முறுக்குவோம். அச்சு இழுபட்டு நீள முயலும். இரு புறத்து உறுப்புகளும் நடுநோக்கி நெருக்கப்படும். 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஓர் அச்சின் நட்டை 60 நியூற்றன் மீற்றர் முறுக்குக்கு இறுக்கினால், உள்ளே எழும் நெருக்கு விசை 2 தொன்னுக்கும் 3 தொன்னுக்கும் இடைப்பட்டதாகும். இவ்விசை எவ்வழியே செல்ல வேண்டும்? முட்கவையின் ஒரு காலிலிருந்து பக்கக் கொலருக்கும், அதிலிருந்து பெயரிங்கின் உள்வளையத்துக்கும், பின் நடுக்குழாய்க்கும், மறுபக்கத்து உள்வளையத்துக்கும், கொலருக்கும், முட்கவையின் மற்றக் காலுக்கும் அது செல்ல வேண்டும். இவையனைத்தும் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொட்டு, ஒரே கற்றூண்போல நிற்கும். விசை முழுவதும் அத்தூணின் வழியே சென்றுவிடும். குண்டுகளுக்கு அதிற் பங்கில்லை. அவை தூணைச் சுற்றி இலேசாய் உருண்டுகொண்டிருக்கும்.

குழாய் 2 மில்லிமீற்றர் குறைந்தால் தூணில் ஒரு துண்டு இல்லாமற் போகின்றது. அப்போது நட்டு இறுக இறுக, இரு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே இழுபடும். வெளிவளையங்களோ குடத்திற் பதிந்து நகரமாட்டா. நடுவில் அகப்பட்ட குண்டுகளே பக்கவாட்டாக நசுங்கும். சிறு வண்டிகள் பலவற்றின் சக்கரத்திற் பூட்டும் 6301 என்னும் பெயரிங், அசையாது நிற்குங்கால் தாங்கத்தக்கதென வகுத்த சுமை ஏறத்தாழ 4 கிலோ நியூற்றன்; அதாவது 400 கிலோகிராம் எடைக்குச் சற்று மேல். அதுவும் மேலிருந்து வரும் சுமைக்கு வகுத்த கணக்கு. அதன்மேல் பக்கத்திலிருந்து தொன்கணக்கான விசையை ஏற்றினால் என்ன ஆகும்? சூடேறும், கிறீஸ் உருகி ஓடும், பள்ளத்தில் வடுப்படும், உறுமும், கடைசியிற் கூடு உடையும். புதிய பெயரிங்கை வாங்கிப் பூட்டுவதாற் பயனில்லை. கொலைக்களம் அப்படியே இருக்க, உள்ளே செல்பவரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதை ஒக்கும் அது.

குழாய் நீண்டுவிட்டாலும் குற்றமே. அப்பொழுது உள்வளையங்கள் வெளிநோக்கித் தள்ளப்பட, குண்டுகள் மறுபக்கத்தில் நெருங்கும். அல்லது வெளிவளையம் தன் இருக்கையில் முற்றப் பதியாது நகரும். முனை சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் தொட்டும் ஒரு பக்கம் தொடாதும் நின்று, அச்சையே வளைக்கும். ஆகவே இக்குழாய்க்கு வேண்டியவை மூன்று: சரியான நீளம், நேரிய முனை, நசுங்காத உரம். நீர்க்குழாய்த் துண்டிடம் இம்மூன்றும் இல்லை.

ஒழுங்கையின் மறுமுனையிலுள்ள கடைசற்பட்டறையில், தக்க இரும்பிற் புதிய குழாயொன்றைக் கடைந்து வாங்கி வரும்படி நானா ஆளனுப்பினார். அது வருமளவும், புதிய பெயரிங்கின்மேற் பொறித்திருந்த எண்ணை எனக்குப் படித்துக் காட்டினார். அந்த எண்ணும் ஒரு சூத்திரமே. 6301 என்பதில் 6, ஆழ்ந்த பள்ளமுள்ள ஒற்றை வரிசைக் குண்டு வகையைச் சுட்டும். 3 அதன் பருமத் தொடரைச் சுட்டும். கடைசி இரண்டு இலக்கங்களும் உட்டுளையின் விட்டத்தைச் சுட்டும்: 00 எனின் 10 மில்லிமீற்றர், 01 எனின் 12, 02 எனின் 15, 03 எனின் 17, 04 முதல் ஐந்தாற் பெருக்கிக் கொள்க. 6301இன் வெளிவிட்டம் 37 மில்லிமீற்றர், அகலம் 12. எண்ணின் பின்னே '2 ஆர். எஸ்.' என்றிருந்தால் இருபுறமும் றப்பர் மூடி உண்டு. 'இசட் இசட்' என்றிருந்தால் தகர மூடி. மழையும் வெள்ளமும் மலிந்த நம் நகருக்கு றப்பர் மூடியே ஏற்றது. 2016 மே மாத வெள்ளம் அயலிலுள்ள கொலன்னாவையை மூழ்கடித்தபோது, அச்சளவு நீரில் உருட்டிச் சென்ற வண்டிகளின் பெயரிங்குகள் பின்னர்க் கறள் பிடித்து, ஒவ்வொன்றாய்த் தம் கராஜுக்கு வந்ததை நானா நினைவுகூர்ந்தார். நான்கு இலக்கத்துள் இத்தனை பொருளை அடக்கியவன் நம் சூத்திரகாரர் மரபில் வைத்து எண்ணத்தக்கவன் அல்லனோ?

பூட்டும் முறையையும் கூர்ந்து கவனித்தேன். மற்றப் பெயரிங்கையும் வெளியே தட்டும்போது, ஒரே இடத்தில் ஓங்கி அடியாமல், எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி மெல்லத் தட்டினார். ஒருபுறமே அடித்தால் அது சாய்ந்து, குடத்தின் இருக்கையைக் கீறிவிடும். பின்னர் இருக்கையைத் துடைத்து, விரலால் தடவி, மேடு பள்ளம் இல்லையென்று உறுதிசெய்தார். குடம் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் சூடேறும்போது எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆதலாற் கொதிநீரிற் குடத்தைச் சூடாக்கினார். புதிய பெயரிங்குகளையோ முதல்நாள் இரவே குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார். 37 மில்லிமீற்றர் இருக்கை, 70 பாகை சூடேறும்போது 0.06 மில்லிமீற்றர் அளவு விரிந்து கொடுக்கும். தலைமயிரின் தடிப்பளவான இந்த இடமே போதும். சம்மட்டிக்கு வேலை குறைந்துவிடும். தீச்சுவாலையை மட்டும் குடத்தில் நேரே காட்டலாகாது என்றார்.

முதற் பெயரிங்கை இருக்கையின் அடி தட்டும்வரை இறக்கினார். அவ்வாறு இறக்கும்போது வெளிவளையத்தின் விளிம்பிலே பொருந்தும் இரும்பு வளையமொன்றை வைத்து, அதன்மேலே தட்டினார். உள்வளையத்தில் தட்டினால் அடியின் வேகம் குண்டுகளின் வழியே சென்று, பள்ளத்தில் நுண்ணிய வடுக்களை உண்டாக்கும். பூட்டும்போதே நோயைப் பூட்டுவதாகும் அது. பின்னர்ச் சக்கரத்தைப் புரட்டி, நடுக்குழாயை உள்ளே இட்டார். இதனை மறந்து இரண்டாம் பெயரிங்கைப் பூட்டிவிட்டால், மறுபடியும் அதனைத் தட்டி எடுக்க வேண்டும். தட்டியெடுத்த பெயரிங் பின் நம்பத்தக்கதன்று. இரண்டாவதை இறக்கும்போது, இரு வளையங்களையும் ஒருங்கே தொடும் தட்டையான வோஷரை வைத்து, சிறிது சிறிதாகத் தட்டினார். உள்வளையம் குழாயின் முனையைத் தொட்டதும் ஓசை மாறிற்று. அவ்வளவில் நிறுத்திவிட்டார். இன்னும் இறங்குமா என்று அடித்துப் பார்ப்பதே பலர் செய்யும் தவறு என்றார்.

இறுதியாக ஒரு சோதனை. நட்டை இறுக்குமுன் சக்கரத்தை விரலாற் சுழற்றிப் பார்த்தார். இறுக்கிய பின்னும் சுழற்றிப் பார்த்தார். இரண்டு முறையும் ஒரே வகையாய், ஓசையின்றிச் சுழன்றது. "இறுக்கினதும் சக்கரம் கனத்தா, குழாய் கட்டை எண்டு அர்த்தம். இதைப் பாக்க மெஷின் வேணாம் சேர், விரல் போதும்" என்றார். வண்டி வைத்திருக்கும் வாசகர் யாவரும் நினைவில் வைக்கத்தக்க சோதனை இது. பின்சக்கரத்திலும் இதே நியதிதான். சங்கிலிப் பல்சக்கரத்தைத் தாங்கும் தனிப் பெயரிங் அங்கிருந்தால், அதற்குரிய கொலரையும் மறவாது இடவேண்டும்.

கையைத் துடைத்துக்கொண்டே நானா அந்தப் புதிய குழாயைப் பற்றிச் சொன்ன வாக்கியமே என்னை எழுதத் தூண்டிற்று. "ரெண்டு பெயரிங்கும் ஒண்டையொண்டு நெருக்காம நடுவில நிக்கிற ஆள் இது சேர். இந்த ஆள் சரியா நிண்டாத்தான் அதுங்க ரெண்டும் ஒத்துமையா ஓடும்."

அக்கணத்தே என் மனம் வகுப்பறைக்குச் சென்றது. இரண்டு உயிரெழுத்துகள் அடுத்தடுத்து வந்து மயங்கும்போது, இடையில் யகரமோ வகரமோ தோன்றும் என்று நாம் கற்பிக்கின்றோம். மணி, அடித்தது என்பன மணியடித்தது என்றாகும். பூ, அழகு என்பன பூவழகு என்றாகும். இதனை உடம்படுமெய் என்பது இலக்கண மரபு. அந்த யகரத்துக்குத் தனிப்பொருள் உண்டோ? இல்லை. அகராதியில் அதற்கு இடமுண்டோ? இல்லை. ஆயினும் அதனை நீக்கிவிட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும்.

சேர்ப்பது உடம்படுமெய், பிரித்து நிறுத்துவது குழாய். இரண்டும் எவ்வாறு ஒக்கும் என்று மாணவர் தடுக்கலாம். தடை நன்றே. ஆனால் உடம்படுமெய் எவ்வாறு சேர்க்கின்றது என்பதை உற்று நோக்குக. வேறு புணர்ச்சிகளில் நிலைமொழியின் ஈறு கெடும், திரியும். உடம்படுமெய் வரும் இடத்திலோ முன்னின்ற உயிரும் கெடுவதில்லை. பின்வந்த உயிரும் கெடுவதில்லை. இரண்டும் தத்தம் உருவோடு நிற்க இடங்கொடுத்தே அது அவற்றை உடம்படுத்துகின்றது. நடுக்குழாய் செய்வதும் அதுவே. நெருக்கிப் பிணைத்தலால் வரும் ஒற்றுமை வேறு; உரிய தொலைவைக் காத்தலால் வரும் ஒற்றுமை வேறு. சக்கரம் ஓடுவது பின்னதனால். இன்னும் ஒன்று: இகர ஈற்றின்பின் யகரம் வரவேண்டிய இடத்தில் வகரத்தை இட்டால் பிழை. அளவறிந்து இட வேண்டியது எழுத்தாயினும் இரும்பாயினும் ஒன்றே.

இவ்விடத்து, தமிழாசிரியர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகின்றேன். அந்த இளைஞனின் வண்டிக்கு நீர்க்குழாய் இட்டவர் கெட்ட எண்ணத்தால் இட்டவரென நான் கருதவில்லை. குழாய் ஏன் அங்கிருக்கின்றது என்பதை அவருக்கு எவரும் அவர் மொழியிற் சொல்லித்தரவில்லை. கண்பார்த்துக் கைசெய்யும் மரபில் 'எப்படி' என்பது தலைமுறை தலைமுறையாய் வரும். 'ஏன்' என்பது பாதிவழியில் உதிர்ந்துவிடும். உதிராது காப்பது எழுத்து. நானாவின் கராஜில் வேலை பழகும் பதினேழு வயதுப் பையனுக்குத் தமிழ் ஒன்றே வாசிக்கத் தெரியும். அங்கே ஆணியில் தொங்கும் கைந்நூல்களோ ஆங்கிலத்தில் உள்ளன.

நம்மால் இயலாத காரியம் அன்று இது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். சொல் இல்லாத இடத்துச் சொல் படைத்தார். 2013ஆம் ஆண்டில் நம் உயர்தர வகுப்புகளிலே தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. தொழினுட்ப நூல்களிற் பெயரிங் என்பதற்குப் 'போதிகை' என்னும் சொல் வழங்கக் காண்கிறோம். கோயிற்றூணின் தலையில் நின்று உத்தரத்தைத் தாங்கும் கல்லுறுப்புக்குரிய பெயர் அது. தாங்குதல் என்னும் தொழிலொப்புமை கருதிய அழகிய ஆக்கம். அச்சு, குடம், ஆரக்கால், கடையாணி முதலியவை வண்டித் தச்சர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். நடுக்குழாய்க்கு 'இடைக்குழல்' என்று சொல்லிப் பார்த்தேன், காதுக்கு இசைவாயிற்று. ஆயினும் சொல்லைப் படைத்து அகராதியில் அடைத்துவிட்டால் நம் கடன் முடிந்தது என்றெண்ணுதல் தகாது. அச்சொல் சம்மட்டி பிடித்த கையருகே சென்று சேர வேண்டும். அதனோடு 'ஏன்' என்பதும் சேர்ந்து செல்ல வேண்டும்.

இவ்வெண்ணத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானா சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். ஒரு தாளில் பன்னிரண்டு வாக்கியங்கள். குழாயை அளக்காமற் பூட்டாதே, வெளிவளையத்திலன்றித் தட்டாதே, உள்வளையம் குழலைத் தொட்டதும் நிறுத்து, இறுக்கியபின் விரலாற் சுழற்றிப் பார் என்றவாறு அது செல்லும். ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் அதற்குரிய காரணம் ஒருவரியில் உண்டு. அத்தாளை நானா சுவரில் ஒட்டினார். பையன் அருகே சென்று விரல் வைத்து வாசித்தான். 'இடைக்குழல்' என்ற இடத்தில் சற்றே நின்று, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, காதிற் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பக்கத்தில் 'ஸ்பேசர்' என்று எழுதிக்கொண்டான். நான் அதனை அழிக்கச் சொல்லவில்லை. தாளில் இரண்டு சொற்களும் இன்றும் அருகருகே நிற்கின்றன. கீழேயுள்ள காரணத்தையும் அவன் மனப்பாடமாகச் சொல்கின்றான்.